மெயில் சர்வர் ஊர்ந்து போகுது, சிபியு சும்மா இருக்கு, ஃபைல்சிஸ்டத்த மாத்தணுமா?

பிறை_பையன்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியால பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனில ஐடி பாக்குறேன், ஐடின்னா பிரின்டர்ல இருந்து சிசிடிவி வரைக்கும் எல்லாம் நான்தான், அதுல மெயில் சர்வரும் ஒண்ணு. மாசாமாசம் தலைக்கு இவ்வளவுன்னு கிளவுடுக்குக் கட்ட முடியாதுன்னு டவுக்கே, அதான் முதலாளி, சொல்லிட்டாரு, அதனால ஆபிஸ்லயே ஸ்டோர் ரூம்ல ஒரு சர்வர் ஓடுது. டெபியன் லினக்ஸ், மெயில வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்பாக்ஸுக்கு டவ்காட், நடுவுல ஸ்பேம், வைரஸ் பாக்க அமாவிஸும் கிளாம்ஏவியும். மெயில்பாக்ஸ் நூத்தி இருபது கிட்ட இருக்கும், எல்லாம் மெயில்டிர், அதாவது ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைல். 7200 ஆர்பிஎம் சாட்டா டிஸ்க் நாலு, ஹார்ட்வேர் ரெய்டு கார்டுல ரெய்டு 5 (நாலையும் சேத்து ஒரே டிஸ்க்கா, ஒண்ணு செத்தாலும் டேட்டா போகாது), அதுக்கு மேல இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம். ரேம் 16 ஜிபி.

சீனப் பெருநாள் லீவு முடிஞ்சு ஆபிஸ் தொறந்ததுல இருந்துதான் தலைவலி. காலைல ஒம்போது மணிக்கு எல்லாரும் அவுட்லுக்க தொறந்தா இன்பாக்ஸ் வர்றதுக்கே ஒரு நிமிஷம் மேல ஆகுது, அனுப்புற மெயில் அவுட்பாக்ஸ்லயே குந்திக்கிட்டு இருக்கு, ஷிப்பிங் டிப்பார்ட்மெண்ட் ஆளுங்க பில் ஆஃப் லேடிங் போகலன்னு என் மேசைக்கிட்ட வந்து நிக்குறாங்க. காத்திருக்குற மெயில காட்டுற போஸ்ட்கியூ அடிச்சா ஆக்டிவ் கியூவுல நூத்துக்கணக்குல கிடக்கு. டாப்ல பாத்தா சிபியு பத்து சதவீதம் கூட ஓடல ஆனா டிஸ்க்குக்காக காத்திருக்குற நேரமான டபிள்யூஏ மட்டும் 60, 70ல நிக்குது, லோட் ஆவரேஜ் 40க்கு மேல. அக்கவுண்ட் மெயில்பாக்ஸ்ல போய் ஃபைல் லிஸ்ட் பாக்க எல்எஸ் அடிச்சா கீழ மாமாக் கடையில ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்துடலாம்.

டிடி கமாண்ட் போட்டு ஒரு பெரிய ஃபைல் எழுதிப் பாத்தேன், செகண்டுக்கு 200 எம்பிக்கு மேல காட்டுது. அப்ப டிஸ்க் நல்லாத்தானே இருக்கு? நெட்ல தேடுனா பாதிப் பேரு இஎக்ஸ்டி4 மெயிலுக்கு ஆகாது எக்ஸ்எஃப்எஸ்ன்ற வேற ஃபைல்சிஸ்டத்துக்கு மாறுன்றான். மாறணும்னா மொத்த டேட்டாவையும் வெளிய எடுத்து ஃபார்மட் பண்ணி திரும்பப் போடணும், ஒரு வாரக்கடைசி முழுக்க போயிடும். அதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் பாக்கணுமா அண்ணங்களே?


செந்தூல்_ரூட்:

மவுண்ட் ஆப்ஷன் இருக்குற எஃப்எஸ்டேப்ல நோஏடைம் போட்டியா தம்பி? ஒவ்வொரு தடவை மெயில் படிக்கும்போதும் ஏடைம், அதான் கடைசியா படிச்ச நேரம், எழுதிக்கிட்டே இருக்கும், அதுவே டிஸ்க்க தின்னுடும். அப்புறம் சிஸ்லாக் கான்ஃபிக்ல மெயில் லாக் பேருக்கு முன்னாடி ஒரு மைனஸ் போடு, இல்லாட்டி ஒவ்வொரு லைனுக்கும் டிஸ்க்குக்கு சிங்க் அடிக்கும். ரெண்டும் பண்ணிட்டு ரீபூட் பண்ணு, ஓகே ஆயிடும் லா.


கிள்ளான்_அக்கா:

செந்தூல் தம்பி, ரெண்டுமே பழைய காலத்து மருந்து. நோஏடைம் போடுறதுல தப்பு இல்ல, டவ்காட்டுக்கு ஏடைம் தேவையே இல்ல, ஆனா லினக்ஸ் கர்னல் 2.6.30ல இருந்தே, அதாவது 2009ல இருந்து, அந்த நேரத்த தேவைப்பட்டா மட்டும் எழுதுற ரெலடைம்தான் டிஃபால்ட். படிக்கும்போதெல்லாம் எழுதுற பழக்கம் அப்பவே போயிடுச்சு. சிஸ்லாக் மைனஸும் அப்படித்தான், இப்ப டெபியன்ல வர்ற ஆர்சிஸ்லாக் தானாவே சிங்க் பண்றது இல்ல. போட்டா கெட்டுப்போகாது, ஆனா நேத்து வரைக்கும் நல்லா ஓடுன சர்வர் லீவு முடிஞ்சு திடீர்னு படுத்துச்சுன்னா அதுக்குக் காரணம் இதுவா இருக்காது.

பிறை தம்பி, உங்க டிடி டெஸ்ட்ட முதல்ல தள்ளி வைங்க. சும்மா டிடி அடிச்சா அது ரேம்ல எழுதிட்டு எழுதியாச்சுன்னு சொல்லும், கர்னல் அப்புறமா ஆற அமர டிஸ்க்குக்குக் கொண்டு போகும். அப்படியே டிஸ்க்குக்குப் போனாலும் அது வரிசையா ஒரே நீளமா எழுதுற வேகம். மெயில் சர்வர் அப்படி எழுதவே எழுதாது. ஒரு மெயில் உள்ள வந்தா என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. போஸ்ட்ஃபிக்ஸ் அத இன்கமிங் கியூவுல ஒரு ஃபைலா எழுதி எஃப்எஸ்சிங்க் அடிச்சு, டிஸ்க்குல நிஜமா உக்காந்துடுச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் அனுப்புனவனுக்கு 250 ஓகேன்னு பதில் சொல்லும். ரிஜிஸ்டர் தபாலுக்கு கையெழுத்து வாங்குற மாதிரி, கையெழுத்து விழாம அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. அப்புறம் அது ஆக்டிவுக்கு நகரும், அமாவிஸ் எடுத்து தன்னோட டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சுப் போடும், கிளாம்ஏவி படிக்கும், திரும்ப போஸ்ட்ஃபிக்ஸுக்குள்ள வரும், அங்க இன்னொரு கியூ ஃபைல், இன்னொரு எஃப்எஸ்சிங்க். அதுக்கப்புறம் டவ்காட் மெயில்டிரோட டெம்ப்ல எழுதி, சிங்க் பண்ணி, நியூவுக்கு மாத்தி, மெயில் நம்பர் பட்டியலான யுஐடிலிஸ்ட்ல ஒரு லைன், இன்டெக்ஸ் லாக்ல ஒரு துண்டு. கடைசியா கியூ ஃபைல் ரெண்டையும் அழிக்கணும், அழிக்கிறதும் டைரக்டரில ஒரு எழுத்துதான். ஐநூறு ரூபாய் பில்லுக்கு வந்த 8 கேபி மெயிலுக்கு இத்தனை கூத்து. இதுல எம்பி கணக்குக்கு அர்த்தமே இல்ல, ஒரு சின்ன எழுத்து டிஸ்க்குல உக்கார எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுன்றதுதான் கேள்வி.

அதனால டிஸ்க் வேலைய அளக்குற ஐஓஸ்டாட்ட எக்ஸ் ஆப்ஷனோட அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா ஓடவிட்டு, காலைல ஒம்போதுல இருந்து ஒம்போதரை வரைக்கும் உள்ளத இங்க போடுங்க. முதல்ல வர்ற பிளாக்க விட்டுடுங்க, அது பூட் ஆனதுல இருந்து உள்ள சராசரி. டபிள்யூ அவெய்ட் (ஒரு எழுத்து எவ்வளவு நேரம் காத்திருக்கு), கியூ சைஸ் (எத்தன வேலை வரிசைல நிக்குது), ரெண்டும்தான் முக்கியம். அப்படியே டிஎஃப்ப ஐ ஆப்ஷனோட அடிச்சு ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணும்) மிச்சம் இருக்கான்னும் பாருங்க, மெயில்டிர்ல இடம் பாதி காலியா இருக்கும்போதே ஐநோட் தீந்துபோறது உண்டு.

(ரூபாய்னு எழுதிட்டேன், வெள்ளின்னு, அதான் ரிங்கிட்னு, படிச்சுக்குங்க, இப்பதான் சென்னை டீமோட கால் முடிச்சேன்.)


பட்டாணி_சுண்டல்:

இந்தக் காலத்துலயும் சொந்தமா மெயில் சர்வர் வெச்சிருக்கிறவங்களுக்கு கோயில் கட்டணும். கிளவுடுக்குப் போங்கப்பா.


பிறை_பையன்:

சுண்டல் அண்ணே அத எங்க டவுக்கேகிட்ட வந்து சொல்லுங்க, பசியாற நான் வாங்கித் தர்றேன்.

அக்கா, நீங்க கேட்டது எடுத்துட்டேன். ஐநோட் பிரச்சனை இல்ல, 30 சதவீதம்தான் போயிருக்கு. ஐஓஸ்டாட் காலைல சராசரியா இப்படி நிக்குது: ரீட் செகண்டுக்கு 20, ரைட் செகண்டுக்கு 90, எழுதுறது மொத்தமே 900 கேபி கிட்ட, ரைட் அவெய்ட் 180 மில்லிசெகண்ட், கியூ சைஸ் 18, டிஸ்க் எவ்வளவு பிஸின்னு காட்டுற யூட்டில் 99ல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு எம்பி கூட எழுதல, அதுக்கே இப்படி மூச்சு வாங்குது. ராத்திரி யாரும் இல்லாதப்போ ஒரு மெயில் மட்டும் அனுப்பிப் பாத்தேன், அதுவே சட்டுன்னு போகல.


சைபர்ஜெயா_நைட்ஷிஃப்ட்:

இந்த நம்பர பாத்தாலே தெரியுது, ஃபைல்சிஸ்டத்துல கை வைக்காதீங்க இப்ப.

கணக்கு போடுவோம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்ட், சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும், அதுக்கு மேல தலை நகர்ற நேரம், ஆக மொத்தம் ஒரு டிஸ்க் செகண்டுக்கு 75ல இருந்து 100 ராண்டம் வேலைதான் செய்யும். நாலு டிஸ்க்குக்கு 300, 400. ரெய்டு 5ல ஒரு சின்ன ரைட்டுக்கு பழைய டேட்டா படி, பழைய பேரிட்டி (ஒரு டிஸ்க் செத்தா டேட்டாவ மீட்க வெச்சிருக்குற கணக்கு) படி, புது டேட்டா எழுது, புது பேரிட்டி எழுதுன்னு நாலு வேலை. 400ஐ நாலால வகுத்தா 100. நீங்க 90ல நிக்குறீங்க. அதாவது உங்க டிஸ்க்குங்க அதோட சொந்த பலத்துல எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நடுவுல கார்டோட கேஷ் ஒரு உதவியும் பண்ணல.

இதே செட்டப் லீவுக்கு முன்னாடி எப்படி நல்லா ஓடுச்சு? கார்டுல ரேம் இருக்கும், ரைட் பேக் மோடுல ஓடியிருக்கும், கர்னல் எஃப்எஸ்சிங்க் அடிச்சா கார்டு தன் ரேம்ல வாங்கிக்கிட்டு ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மியா ஆச்சுன்னு பதில் சொல்லிடும், பின்னாடி மெதுவா சேத்து வெச்சு அடுக்கி எழுதும். கரண்ட் போனாலும் கார்டுல இருக்குற பேட்டரி அந்த ரேம உயிரோட வெச்சிருக்கும். அந்த பேட்டரி செத்துட்டா பெரும்பாலான கார்டு தானாவே ரைட் த்ரூவுக்கு, அதாவது டிஸ்க்குல எழுதின பிறகுதான் பதில் சொல்ற மோடுக்கு, இறங்கிடும், சத்தம் போடாது, மெயில் அனுப்பாது, லாக்ல ஒரு லைன் எழுதிட்டு சும்மா இருந்துடும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தெரியாது. டிஸ்க் நாலும் ஆன்லைன், ரெய்டு ஆப்டிமல்னு பச்சையா காட்டும்.

கார்டோட சொந்த கமாண்ட் டூல் இருக்கும், இல்லாட்டி இன்ஸ்டால் பண்ணுங்க. அதுல லாஜிக்கல் டிரைவ் விவரம் கேட்டா டிஃபால்ட் கேஷ் பாலிசி (செட் பண்ணி வெச்சது), கரண்ட் கேஷ் பாலிசி (இப்ப நிஜமா ஓடுறது)ன்னு ரெண்டு லைன் பக்கத்து பக்கத்துல வரும். டிஃபால்ட் ரைட் பேக்னும் கரண்ட் ரைட் த்ரூன்னும் இருந்தா கேஸ் முடிஞ்சது. பேட்டரி ஸ்டேட்டஸும் டெம்பரேச்சரும் தனியா கேளுங்க. சில மாசத்துக்கு ஒருக்கா பேட்டரி தன்ன தானே காலி பண்ணி திரும்ப சார்ஜ் ஏத்துற லேர்ன் சைக்கிள்னு ஒண்ணு உண்டு, அந்த சில மணி நேரம் மட்டும் ரைட் த்ரூல ஓடும், அது நார்மல். உங்களுக்கு லீவு முடிஞ்சதுல இருந்தே இப்படின்னா அது லேர்ன் சைக்கிள் இல்ல.


பிறை_பையன்:

நைட்ஷிஃப்ட் அண்ணே, நீங்க என்ன சாமியாரா.

டிஃபால்ட் ரைட் பேக். கரண்ட் ரைட் த்ரூ. பேட்டரி ஸ்டேட்டஸ் ஃபெய்ல்டு, ரீப்ளேஸ்மெண்ட் ரெக்வயர்டு ‘யெஸ்’னு போட்டிருக்கு. ஈவென்ட் லாக்ல மேல போய் பாத்தா லீவு ரெண்டாவது நாள்ல இருந்து பேட்டரி டெம்பரேச்சர் ஹைன்னு வரிசையா வார்னிங், அப்புறம் கேஷ் டிஸேபிள்டுன்னு ஒரு லைன். ஸ்டோர் ரூம்ல ஒரே ஒரு ஸ்பிளிட் ஏர்கான்தான், லீவுக்குப் போகும்போது யாரோ கரண்ட் மிச்சம் பிடிக்கிறோம்னு மெயின் சுவிட்ச்சையே தட்டிட்டுப் போயிருக்காங்க, ஜன்னல் கூட இல்லாத ரூம், மேல நேரா தகரக் கூரை. சர்வர் யுபிஎஸ்ல தனி லைன்ல இருந்ததால அது மட்டும் உள்ள உக்காந்து வெந்துக்கிட்டு இருந்திருக்கு.

பேட்டரி கேட்டேன், கடைக்காரன் ஸ்டாக் இல்ல, வெளியூர்ல இருந்து வரணும், ரெண்டு மூணு வாரம் ஆகும்னு சொல்றான். அது வரைக்கும் என்ன பண்றது? கார்டு மெனுவுல பேட்டரி கெட்டிருந்தாலும் ரைட் பேக்கே போடுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, யுபிஎஸ்தான் இருக்கே, அத தட்டிடலாமா?


செந்தூல்_ரூட்:

தட்டு தட்டு. யுபிஎஸ் இருக்குல்ல. ரெண்டு மூணு வாரம்தானே.


சைபர்ஜெயா_நைட்ஷிஃப்ட்:

தட்டாதீங்க. யுபிஎஸ் கரண்ட் போறதுக்கு மட்டும்தான் காவல். பவர் சப்ளை வெடிச்சா, மதர்போர்டு தொங்குனா, யாராச்சும் ஒயர தவறி இழுத்தா யுபிஎஸ் என்ன பண்ணும்? அந்த ஆப்ஷன் போட்டா கார்டு கர்னல்கிட்ட பொய் சொல்ற மாதிரி. எஃப்எஸ்சிங்க் ஆச்சுன்னு கார்டு சொல்லிடும், போஸ்ட்ஃபிக்ஸ் 250 ஓகே சொல்லிடும், அனுப்புனவன் சர்வர் தன் காப்பிய அழிச்சிடும், அந்த நேரத்துல பவர் போச்சுன்னா அந்த மெயில் உலகத்துலயே எங்கயும் இல்ல. மெயில் மட்டும் போனா பரவால்ல, இஎக்ஸ்டி4 ஜர்னல்ல கமிட் ஆயிடுச்சுன்னு நெனச்சது பாதி ஆகாம இருந்தா ஃபைல்சிஸ்டமே கிழியும், அப்ப ஃபைல்சிஸ்டத்த சரிபாக்குற எஃப்எஸ்சிகே ஓடி முடிய ராத்திரி முழுக்க காத்திருக்கணும். பினாங்குல மாலை மழை நேரத்துல இடி இடிக்கிறது உங்களுக்கு நான் சொல்லணுமா.

இன்னொண்ணு பாருங்க, மவுண்ட் ஆப்ஷன்ல நோபேரியர் இல்லாட்டி பேரியர் ஈக்குவல் ஜீரோன்னு யாராச்சும் முன்னாடி போட்டு வெச்சிருக்காங்களா? கேஷ்ல உள்ளத டிஸ்க்குல எழுதச் சொல்ற கட்டளைய அது நிறுத்திடும். பேட்டரி இருக்குற கார்டுக்கு அப்படிப் போடுறது ஒரு காலத்துல ஃபேஷன். பேட்டரி செத்த பிறகு அது ஆபத்து, எடுத்துடுங்க. எக்ஸ்எஃப்எஸ்ல அந்த ஆப்ஷனையே கர்னல் 4.19ல தூக்கிட்டாங்க.


கிள்ளான்_அக்கா:

நைட்ஷிஃப்ட் சொல்றதுதான் சரி. அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு டிஸ்க்குக்குப் போற வேலைய குறைக்கப் பாருங்க, அதுக்கு நிறைய வழி இருக்கு.

முதல் வேலை அமாவிஸ் டெம்ப் ஃபோல்டர டெம்ப்எஃப்எஸ்ல, அதாவது ரேம்ல, போடுங்க. பயப்பட வேணாம், ஒரிஜினல் மெயில் போஸ்ட்ஃபிக்ஸ் கியூவுல பத்திரமா இருக்கும், அமாவிஸ் வேலைய முடிச்சு திருப்பிக் குடுக்குற வரைக்கும் அது அழியாது, நடுவுல மெஷின் செத்தாலும் திரும்ப ஸ்கேன் ஆகும். ஒரு ஜிபி குடுத்தா போதும், கிளாம்ஏவியே ஒரு ஜிபிக்கு மேல ரேம் சாப்பிடும்ன்றதையும் கணக்குல வெச்சுக்குங்க.

ரெண்டாவது, சர்வர்ல காலியா சாட்டா போர்ட் இருந்தா ரெண்டு எஸ்எஸ்டி வாங்கி மிரர் பண்ணி போஸ்ட்ஃபிக்ஸ் கியூவையும் டவ்காட் இன்டெக்ஸையும் அங்க தள்ளிடுங்க. பெரிய சைஸ் தேவையில்ல. ஆனா லோ யாட், கொம்தார் மாதிரி கம்ப்யூட்டர் கடை இருக்குற மாலுக்குப் போய் இருக்குறதுலயே மலிவான கேமிங் எஸ்எஸ்டிய தூக்கிட்டு வராதீங்க, பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் உள்ள சர்வர் ரகம் கேளுங்க. அதுல கெப்பாசிட்டர் இருக்கும், அதனால எஃப்எஸ்சிங்க் அடிச்சா உடனே பதில் வரும். வீட்டு ரகத்துல பெட்டில செகண்டுக்கு அம்பதாயிரம், லட்சம் வேலை (ஐஓபிஎஸ்)னு போட்டிருந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிங்க் கேட்டா நொண்டும். கியூவ மாத்தும்போது போஸ்ட்ஃபிக்ஸ நிறுத்திட்டு காப்பி பண்ணி, போஸ்ட்சூப்பர எஸ் ஆப்ஷனோட ஓட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, கியூ ஃபைல் பேர்ல ஐநோட் நம்பர் ஒளிஞ்சிருக்கு, வேற டிஸ்க்குக்குப் போனா அது பொருந்தாது.

இன்டெக்ஸ மாத்துறது ஈஸி, மெயில் லொகேஷன் லைன்ல இன்டெக்ஸுக்கு தனி பாத் குடுத்தா போதும். டவ்காட் 2.4ன்னா அந்த லைனே இல்ல, மெயில் இன்டெக்ஸ் பாத்துன்னு தனி செட்டிங்கா பிரிச்சுட்டாங்க, பழைய பதிவ பாத்து காப்பி அடிக்காதீங்க. பழைய இன்டெக்ஸ் ஃபைலையும் கூடவே கொண்டு போங்க, விட்டுட்டுப் போனா காலைல எல்லாருக்கும் கேஷ் காலி, ஒவ்வொரு மெயில் ஃபைலையும் தொறந்து ஹெட்டர் படிச்சு திரும்பக் கட்டும், இப்ப இருக்குற டிஸ்க்குக்கு அது தாங்காது.

மூணாவது பேக்கப். ராத்திரி ஃபைல காப்பி எடுக்குற ஆர்சிங்க் ஓடுதா? மெயில்டிர்ல லட்சக்கணக்குல குட்டி ஃபைல் இருக்கும், ஒவ்வொண்ணா ஸ்டாட் பண்ணிக்கிட்டு, அதாவது ஃபைல் விவரத்த கேட்டுக்கிட்டு, போகும்போது ரேம்ல இருந்த சூடான ஐநோட் எல்லாத்தையும் வெளிய தள்ளிடும், காலைல ஒம்போது மணிக்கு எல்லாரும் வரும்போது கேஷ் முழுக்க யாருக்கும் வேண்டாத பழைய மெயில். ஐநோட் கேஷ கர்னல் எவ்வளவு வேகமா வெளிய தள்ளணும்னு சொல்ற விஎஃப்எஸ் கேஷ் பிரஷர் 100ல இருக்கும், 50க்கு இறக்குங்க. பேக்கப் காலைல எட்டு மணி வரைக்கும் இழுக்குதான்னும் பாருங்க. டிஸ்க் முன்னுரிமைய குறைக்குற ஐஓநைஸ் போட்டிருக்கேன்னு நம்பி இருக்காதீங்க, அது எல்லா டிஸ்க் ஷெட்யூலர்லயும் வேலை செய்யாது.

அந்த அக்கவுண்ட் மெயில்பாக்ஸ் மட்டும் தனிக் கதை, அதுக்கு பேட்டரி காரணம் இல்லன்னு நெனக்கிறேன். மெயில்டிர்ல மெயில் எல்லாம் கிடக்குற கர் ஃபோல்டர் மேல எல்எஸ் எல்டி அடிச்சு டைரக்டரியோட சொந்த சைஸ் எவ்வளவுன்னு பாருங்க, உள்ள இருக்குற மெயிலோட சைஸ் இல்ல.


பிறை_பையன்:

அக்கா டைரக்டரி சைஸ் மட்டும் 38 எம்பி காட்டுது!! மத்தவங்களுக்கு எல்லாம் சில நூறு கேபிதான். இ-இன்வாய்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு மெயில், அதுக்கு ஒரு அக்னாலட்ஜ்மெண்ட் மெயில், கஸ்டமர் சைடு சிஸ்டம் ஒரு காப்பி, எல்லாம் ஒரே இன்பாக்ஸ்ல விழுது, யாரும் அழிக்கிறது இல்ல ஆடிட்டுக்கு வேணும்னு. இப்ப உள்ள ரெண்டு லட்சத்துக்கு மேல மெயில் இருக்கு. போன வருஷம் ஒரு தடவை பாதிய ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு நகத்துனோம், அப்பவும் வேகம் வரல.


எக்ஸ்எஃப்எஸ்_ரசிகன்:

இதுக்குத்தான் எக்ஸ்எஃப்எஸ்னு சொல்றது. பெரிய டைரக்டரிக்கு பி-ட்ரீ, தேடுறது சீக்கிரம். ஐநோட் தீந்துபோற கவலை இல்ல. நான் எல்லா சர்வருக்கும் அதான் போடுறேன்.


கிள்ளான்_அக்கா:

ரசிகன் தம்பி, எக்ஸ்எஃப்எஸ் நல்ல ஃபைல்சிஸ்டம், புதுசா கட்டுறப்போ நானும் அதத்தான் போடுறேன். குட்டி ஃபைல் அழிக்கிறதுல அது சோம்பேறின்னு இருந்த பழைய பேரும், மாற்றத்த ரேம்ல சேத்து வெச்சு எழுதுற டிலேடு லாக்கிங் வந்து 2.6.39ல அது டிஃபால்ட் ஆனதோட போச்சு. ஆனா இங்க இருக்குற நோய் அது இல்ல. செத்த பேட்டரியோட ரெய்டு 5 மேல எக்ஸ்எஃப்எஸ் போட்டாலும் செகண்டுக்கு அதே 100 எழுத்துதான்.

பிறை தம்பி, பாதிய நகத்தியும் வேகம் வராததுக்குக் காரணம் இருக்கு. இஎக்ஸ்டி4ல டைரக்டரி ஒருக்கா பெருத்துட்டா உள்ள இருக்குறத அழிச்சாலும் அது சுருங்காது. காலி பிளாக்கோட அப்படியே கிடக்கும், ஒவ்வொரு தடவை லிஸ்ட் எடுக்கும்போதும் அந்த 38 எம்பியையும் முழுக்க நடக்கணும். இன்னொரு கொடுமை, இஎக்ஸ்டி4 டைரக்டரிய ஹேஷ் வரிசைல குடுக்கும், டிஸ்க்குல ஐநோட் இருக்குற வரிசை வேற, அதனால எல்எஸ் மாதிரி ஒவ்வொண்ணையும் ஸ்டாட் பண்ற ப்ரோக்ராம் டிஸ்க்குல அங்கயும் இங்கயும் குதிச்சுக்கிட்டே இருக்கும். சுருக்கணும்னா அன்மவுண்ட் பண்ணி இ2எஃப்எஸ்சிகே டி ஆப்ஷன்ல ஓட்டணும், இல்லாட்டி டவ்காட்ட நிறுத்திட்டு பக்கத்துல புது கர் ஃபோல்டர் ஒண்ணு செஞ்சு, ஓனர் பர்மிஷன் அப்படியே வெச்சு, ஃபைல எல்லாம் அங்க நகத்தி, பேர மாத்திப் போடணும். அவங்க ஒருத்தருக்கு மட்டும்ன்றதால ரெண்டாவதுதான் சுலபம்.

டவ்காட்ல மெயில்டிர் வெரி டர்ட்டி சிங்க்ஸ்னு ஒரு செட்டிங், அதையும் யெஸ் போடுங்க. டவ்காட்ட தவிர வேற யாரும் அந்த ஃபோல்டர்ல நேரா கை வைக்க மாட்டாங்கன்னு உறுதி இருந்தா மட்டும். அது போட்டா ஒவ்வொரு தடவையும் கர் ஃபோல்டர முழுசா நடக்காம இன்டெக்ஸ நம்பி ஓடும். உங்க செட்டப்ல ஏதாச்சும் ஸ்கிரிப்ட் மெயில நேரா நகத்துதுன்னா போடாதீங்க. அக்கவுண்ட் ஆளுங்ககிட்ட பேசி வர்ற மெயில தானா பிரிக்குற சீவ் ரூல் ஒண்ணு எழுதி இ-இன்வாய்ஸ் மெயில மாசத்துக்கு ஒரு ஃபோல்டரா பிரிச்சு விடுங்க, ஆடிட்டுக்கும் தேட ஈஸி.


பிறை_பையன்:

அப்டேட். அமாவிஸ் டெம்ப்ப ரேமுக்கு மாத்துனதுலயே அவெய்ட் பாதிக்கு இறங்கிடுச்சு, நான் எதிர்பாக்கவே இல்ல. பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் உள்ள எஸ்எஸ்டி ரெண்டு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரி ஐடி நண்பர் மூலமா செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது, கியூவும் இன்டெக்ஸும் இப்ப அதுல. காலைல ஒம்போது மணிக்கு அவுட்லுக் சாதாரணமா தொறக்குது, பேட்டரி இன்னும் வரவே இல்ல. ஏர்கான் சுவிட்ச் மேல டேப் ஒட்டி மூணு மொழிலயும் எழுதிட்டேன், டெம்பரேச்சர் 35 தாண்டுனா எனக்கு மெசேஜ் வர்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட்டும் கார்டு பாலிசி ரைட் த்ரூவுக்கு மாறுனா இன்னொரு மெசேஜும் வெச்சாச்சு. அக்கவுண்ட் கர் ஃபோல்டர புதுசா கட்டுனேன், எல்எஸ் இப்ப ரெண்டு மூணு செகண்ட்ல வந்துடுது.

இன்னொரு கேள்வி அக்கா. அக்கவுண்ட் மெயில்பாக்ஸ மட்டும், பல மெயில ஒரே ஃபைல்ல வைக்குற எம்டிபாக்ஸுக்கு மாத்துனா ஃபைல் எண்ணிக்கையே குறையும்னு படிச்சேன். ஆபிஸ் நேரத்துலயே மாத்த முடியுமா, அவங்க அவுட்லுக் எல்லாத்தையும் திரும்ப டவுன்லோட் பண்ணுமா?


கிள்ளான்_அக்கா:

பண்ணாது. டவ்காட்டோட சொந்த கமாண்டான டவ்அட்ம் (doveadm) சிங்க்ல மாத்துனா ஒவ்வொரு மெயிலோட நம்பரும் (யுஐடி) அப்படியே வரும், அவுட்லுக்குக்கு வித்தியாசமே தெரியாது. அவங்க வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே முதல் தடவை ஓட்டுங்க, அதான் நேரம் எடுக்கும். அப்புறம் சாப்பாட்டு நேரத்துல அந்த யூசர மட்டும் டிஸ்கனெக்ட் பண்ணி, யூசர் டேட்டாபேஸ்ல அவங்களுக்கு மட்டும் லொகேஷன எம்டிபாக்ஸுக்கு மாத்தி, இன்னொரு தடவை சிங்க் ஓட்டுனா இடைல வந்த மெயில் மட்டும் சட்டுன்னு வந்துடும். பழைய மெயில்டிர ஒரு மாசம் அழிக்காம வைங்க.

ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வைங்க. மெயில்டிர்ல இன்டெக்ஸ் போனா திரும்பக் கட்டிக்கலாம், படிச்சது படிக்காதது எல்லாம் ஃபைல் பேர்லயே இருக்கு. எம்டிபாக்ஸ்ல அந்த விவரம் இன்டெக்ஸ்ல மட்டும்தான், அது போச்சுன்னா போச்சு, அதனால ஆர்சிங்க மட்டும் நம்பாம டவ்அட்ம் பேக்கப்ல எடுங்க, இன்டெக்ஸ் எஸ்எஸ்டில இருக்குன்றதையும் மறந்துடாதீங்க. அப்புறம் எம்டிபாக்ஸ்ல மெயில அழிச்சாலும் இடம் காலி ஆகாது, டவ்அட்ம் பர்ஜ்னு ஒண்ணு ஓட்டுனாத்தான் ஆகும். அத ராத்திரி கிரான்ல, பேக்கப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முடியுற மாதிரி போட்டு விடுங்க.